சீக்கியத்தில் சாதி இருக்கிறதா? தலித் சீக்கியர் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சாப் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மூரில் யாராவது ஒருவர், "அவங்ககிட்ட சாதியே கிடையாதே" என்பார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். பொற்கோவிலுக்குப் போய் வரிசையில் உட்கார்ந்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. அந்தப் பந்தி உண்மைதான். பஞ்சாப் கிராமங்களில் நடப்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சீக்கிய மதத்தில் சாதி கிடையாது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

படித்ததில் தவறில்லை. குரு நானக் (1469–1539) தெளிவாகவே பாடியிருக்கிறார்: உள்ளிருக்கும் ஒளியைப் பார், சாதியைக் கேட்காதே, அங்கே போனால் சாதி என்று எதுவும் இல்லை. இன்னொரு பாடலில், தாழ்ந்தவர் என்று சொல்லப்படுகிறவர்களிலும் தாழ்ந்தவர்களோடுதான் தன் சேர்க்கை என்கிறார். எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து உண்ணும் லங்கர் அந்தப் பேச்சுக்கு உருவம் கொடுத்தது.

1604இல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தத்தில் குருமார்களின் பாடல்கள் மட்டும் இல்லை. நெசவாளர் கபீர், நாவிதர் சைன், தோல் தொழில் செய்த ரவிதாஸ் ஆகியோரின் பாடல்களும் இருக்கின்றன. ரவிதாஸின் பாடல்கள் மட்டும் சுமார் 40. அந்த நூலைத்தான் சீக்கியர்கள் குருவாகவே வைத்து நெற்றி தரையில் படக் கும்பிடுகிறார்கள். சமார் என்ற தோல் தொழில் சாதியில் பிறந்த ஒருவரின் சொல்லுக்கு முன்னால், நிலமுள்ள ஆதிக்கச் சாதியான ஜாட் நிலக்கிழாரும் தலை குனிகிறார். இந்தியாவில் வேறெங்கே இது நடந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் என்ன சிக்கல்?

கும்பிட்டு எழுந்து வெளியே வந்த பிறகு ஆரம்பிக்கிறது சிக்கல்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் பட்டியல் சாதியினர் 31.9 விழுக்காடு. இந்தியாவில் எந்த மாநிலத்திலும் இவ்வளவு அதிகம் இல்லை. கிராமங்களில் அவர்கள் வசிக்கும் பகுதிக்கு 'வேஹ்ரா' என்று பெயர். நம்மூர்ச் சேரி போலவே ஊரின் ஓரத்தில் தனியாக இருக்கும். பல ஊர்களில் சீக்கியர் வழிபடும் குருத்வாராவும் இரண்டு, சுடுகாடும் இரண்டு.

விடியற்காலையில் அப்படிப்பட்ட ஓர் ஊருக்கு நடுவில் நின்றால் இரண்டு ஒலிபெருக்கிகள் கேட்கும். இரண்டிலும் அதே ஜப்ஜி சாஹிப், குரு நானக்கின் அதே வரிகள். இரண்டு இடங்களிலும் உயரே அதே சீக்கியக் கொடி. பெரிய குருத்வாராவில் தங்கள் பிள்ளைகளை லங்கர் பாத்திரங்களைத் தொட விடவில்லை, சேவை செய்ய விடவில்லை, கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள் என்று மனம் நொந்துபோய்த்தான் வேஹ்ரா மக்கள் கூலிக்காசைச் சேர்த்து இரண்டாவதைக் கட்டினார்கள். ஊருக்கு ஒரே குருத்வாரா, ஒரே சுடுகாடு போதும் என்று சீக்கிய அமைப்புகளே பிரச்சாரம் செய்ய வேண்டியிருக்கிறது என்றால், நிலைமையை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

தலித் சீக்கியர் என்பது யார் யாரை?

முக்கியமாக இரண்டு பெரிய பிரிவுகள். துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்ட சாதியிலிருந்து சீக்கியத்துக்கு வந்தவர்கள் மஜ்பி சீக்கியர்கள். தோல் தொழில், நெசவு செய்த சாதிகளிலிருந்து வந்தவர்கள் ராம்தாசியா சீக்கியர்கள். இவர்களோடு ரவிதாஸைப் பின்பற்றும் ரவிதாசியா, ஆத் தர்மி, வால்மீகி என்ற அடையாளங்களும் உண்டு. அவற்றில் சிலர் தங்களைச் சீக்கியர் என்பார்கள், சிலர் இந்து என்பார்கள், சிலர் இரண்டும் வேண்டாம் என்பார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தலைப்பாகையோடும் தம்பி முடி வெட்டியும் இருப்பதைப் பார்க்கலாம்.

பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லோரும் சிங், எல்லோரும் கௌர். கில், சித்து போன்ற குலப்பெயர்கள் ஜாட்களிடமும் உண்டு, மஜ்பிகளிடமும் உண்டு. அதனால்தான் அடுத்த கேள்வி, "எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம்?" என்று வரும். நமக்குப் பழக்கமான கேள்விதான்.

சீக்கிய வரலாற்றில் இவர்களுக்கு இடம் உண்டா?

நடுநாயகமான இடம். 1675இல் டெல்லியில் குரு தேக் பகதூரின் தலை வெட்டப்பட்டபோது, முகலாயக் காவலை மீறி அந்தத் தலையை எடுத்துக்கொண்டு அனந்த்பூர் வரை போனவர் பாய் ஜைதா. துப்புரவுச் சாதியில் பிறந்தவர். ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்த குரு கோவிந்த் சிங், தந்தையின் தலையைக் கொண்டுவந்தவரைக் கட்டித் தழுவி "ரங்ரேட்டே குரு கே பேட்டே" என்றார் என்பது மரபு. ரங்ரேட்டாக்கள், அதாவது ஜைதாவின் சாதியினர், குருவின் பிள்ளைகள் என்று பொருள். பின்னால் அவர் ஜீவன் சிங் ஆனார், போரில் உயிர்விட்டார்.

1699இல் அமிர்தம் பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சா உருவானபோது குரு கேட்டதும் தலை கொடுக்க எழுந்த ஐவரில், பீதரைச் சேர்ந்த நாவிதர் ஒருவர், பூரியைச் சேர்ந்த தண்ணீர் சுமப்பவர் ஒருவர். ஐவருக்கும் ஒரே கிண்ணத்தில் அமிர்தம். பிறகு குருவே அவர்களிடம் கைநீட்டி அதே அமிர்தத்தை வாங்கிப் பருகினார்.

மஜ்பிகளிடம் பேசினால் ஜைதாவின் பெயர் வராமல் பேச்சு முடியாது. 'குருவின் பிள்ளைகள்' என்ற அந்த ஒரு சொல்லை முந்நூறு ஆண்டுகளாகப் பத்திரம் போலக் கையில் வைத்திருக்கிறார்கள்.

பொற்கோவிலில் தலித்துகளின் பிரசாதம் மறுக்கப்பட்டது உண்மையா?

உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய சீக்கிய நிர்வாகம் முழுவதும் அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

அப்போது பொற்கோவில், ஆங்கிலேய அரசின் ஆதரவு பெற்ற மகந்துகள் என்ற மடத்தலைவர்கள், பூசாரிகள் கையில் இருந்தது. 1920 அக்டோபரில் கால்சா பிராதரி என்ற அமைப்பு ஜாலியன்வாலா பாகில் கூட்டம் போட்டது. ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் ஜெனரல் டயர் மக்களைச் சுட்டுத் தள்ளிய அதே மைதானம். அங்கே தாழ்த்தப்பட்டோர் பலர் அமிர்தம் பெற்றுச் சீக்கியரானார்கள். அக்டோபர் 12 அன்று கால்சா கல்லூரி ஆசிரியர்கள் சிலரும் உடன் வர, கடா பிரசாதத்தோடு பொற்கோவிலுக்கு நடந்தார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சேர்த்துக் கிளறும் பிரசாதம் அது.

பூசாரிகள் அதைத் தொட மறுத்தார்கள். இவர்களுக்காகப் பிரார்த்தனை சொல்லவும் முடியாது என்றார்கள். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பின், கிரந்தத்தையே கேட்டுவிடலாம் என்று முடிவானது. நூலைத் திறந்தார்கள். வந்து விழுந்தது குரு அமர்தாஸின் பாடல்: தகுதியில்லாதவர்களையும் அவனே பொறுத்தருளி, சத்குருவின் சேவையில் சேர்த்துக்கொள்கிறான். அதற்கு மேல் பூசாரிகளால் ஒன்றும் பேச முடியவில்லை. பிரசாதம் ஏற்கப்பட்டது.

அங்கிருந்து கூட்டம் எதிரே இருந்த, சீக்கியரின் உயர் அதிகாரப் பீடமான அகால் தக்துக்குப் போனது. அங்கிருந்த பூசாரிகள் ஏற்கெனவே இடத்தைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். சீக்கியர்களே பொறுப்பேற்றார்கள். அடுத்த மாதமே குருத்வாராக்களை நிர்வகிக்க சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு உருவானது. அதன்பின் ஐந்தாண்டுப் போராட்டம், நூற்றுக்கணக்கான உயிர்ப்பலி, 1925இல் குருத்வாரா சட்டம்.

மறுக்கப்பட்ட ஒரு பிடி பிரசாதம்தான் குருத்வாராக்களைச் சீக்கியர் கைக்குக் கொண்டுவந்தது. அதைக் கையில் ஏந்தி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊர்க் குருத்வாராவில் கடைசி வரிசையில் உட்காருகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத வருத்தம்.

'ஆத் தர்மம்' என்பது என்ன?

ஹோஷியார்பூர் மாவட்டத்து முகோவாலைச் சேர்ந்த மங்கூ ராம் கலிபோர்னியாவுக்குக் கூலி வேலைக்குப் போனவர். அங்கே வெளிநாடு வாழ் இந்தியர்களின் விடுதலை இயக்கமான கதர் (Ghadar) இயக்கத்தில் சேர்ந்து வெள்ளையரை எதிர்த்தவர். ஊர் திரும்பியபோது எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. 1926இல், நாங்கள் இந்துவும் இல்லை, சீக்கியரும் இல்லை, முஸ்லிமும் இல்லை, இந்த மண்ணின் ஆதி மக்கள், எங்கள் மதம் ஆதி தர்மம் என்று அறிவித்தார். 1931 கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் மதம் ஆத் தர்மம் என்றே பதிவு செய்தார்கள்.

அயோத்திதாசர் இங்கே பூர்வ பௌத்தம் பேசியதையும், ஆதி திராவிடர் என்ற பெயர் எழுந்ததையும் அறிந்த தமிழருக்கு இது புதிதாக இருக்காது. நேரடித் தொடர்பு ஏதும் இல்லாமலேயே, இரண்டு ஊர்களிலும் 'ஆதி' என்ற ஒரே சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள்.

அம்பேத்கர் சீக்கியராக மாற நினைத்தாரா?

ஆம், ஆழமாகவே யோசித்தார். 1935இல் யேவலாவில் "இந்துவாகச் சாக மாட்டேன்" என்று அறிவித்தார். 1936 ஏப்ரலில் அமிர்தசரஸில் நடந்த சீக்கிய மாநாட்டில் கலந்துகொண்டார். சீக்கியத்தைப் படித்து வரத் தன் ஆட்களையும் அனுப்பினார். பம்பாய் மாதுங்காவில் 1937இல் தொடங்கிய கால்சா கல்லூரி அந்த நெருக்கத்தின் விளைவு. கடைசியில் அந்த வழியில் அவர் போகவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தரானார். நூலில் உள்ள சமத்துவத்தை நம்பி மட்டும் லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையை ஒப்படைக்கக் கூடியவர் அல்ல அவர். பஞ்சாப் கிராமத்தில் நிலம் யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாததும் அல்ல.

சீக்கியரானால் பட்டியல் சாதி உரிமை போய்விடுமா?

போகாது. பட்டியல் சாதிகள் யார் என்று வரையறுத்த 1950ஆம் ஆண்டு ஆணை, இந்துக்களுக்கு மட்டும்தான் அந்த உரிமை என்றது. பஞ்சாபின் நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் அப்போதே விலக்கு: மஜ்பி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர். சீக்கியத் தலைவர்கள் போராடியபின் 1956இல் எல்லாச் சீக்கிய தலித்துகளுக்கும் விரிந்தது. 1990இல் பௌத்தர்களுக்கும். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்னும் வெளியே.

'எங்களிடம் சாதி இல்லை' என்று சொன்ன அதே தலைவர்கள், 'எங்கள் தாழ்த்தப்பட்டோருக்கும் ஒதுக்கீடு வேண்டும்' என்று கேட்டது முரண்பாடு என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. நான் அதை நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லாத ஒன்றுக்கு யாரும் நிவாரணம் கேட்க மாட்டார்கள்.

பஞ்சாபில் பிராமண ஆதிக்கம் குறைவு. பிறகு எப்படிச் சாதி நிற்கிறது?

நிலத்தில் நிற்கிறது. தீட்டு என்ற பேச்சு பஞ்சாபில் மற்ற இடங்களைவிடக் குறைவுதான். ஆனால் 1900இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த நில உரிமை மாற்றச் சட்டம், 'விவசாயச் சாதிகள்' என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் தலித்துகள் இல்லை. பணம் இருந்தாலும் அன்று அவர்களால் வயல் வாங்க முடியவில்லை. இன்று மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு இருப்பவர்களிடம் விளைநிலத்தில் 5 விழுக்காடுகூட இல்லை. பெரும்பகுதி ஜாட் குடும்பங்களிடம். கடனுக்கு ஈடாக ஆண்டு முழுக்க ஒரே பண்ணையில் உழைக்கும் ஆளுக்கு 'சீரி' என்று பெயர். நம்மூர்ப் பண்ணையாள்தான்.

நிலம் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை வேஹ்ராப் பெண்களிடம் கேட்க வேண்டும். வீட்டில் ஓர் எருமை இருக்கும். அதற்குப் புல் வேண்டும். அடுத்தவன் வரப்பில்தான் அறுக்க வேண்டும். அரிவாளோடு குனிந்திருக்கும்போது வரப்பின் சொந்தக்காரன் வந்து நின்று பேசும் பேச்சு, சில சமயம் பேச்சோடு நிற்காதது, இதையெல்லாம் தினமும் சகித்துக்கொண்டு ஒரு கட்டுப் புல்லைத் தலையில் சுமந்து திரும்ப வேண்டும்.

பஞ்சாயத்துப் பொது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கே குத்தகைக்கு விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஏலத்தில் ஒரு தலித்தின் பெயரில் நிலக்கிழாரே எடுத்துப் பயிர் செய்வது வழக்கமாக இருந்தது. 2014 முதல் சங்க்ரூர் மாவட்டத்தில் நில மீட்புப் போராட்டக் குழு இதை எதிர்த்துக் கிளம்பியது. பலத் கலான் ஊரில் தலித் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிரிட்டார்கள். முன்வரிசையில் பெண்கள் நின்றதற்குக் காரணம் அந்தப் புல்கட்டு. தங்கள் வயலில் தாங்களே தீவனம் அறுத்து வந்ததைத்தான் பெரிய வெற்றியாகச் சொன்னார்கள்.

கூலி உயர்வு கேட்டாலோ நிலம் கேட்டாலோ வரும் பதில், ஊர் விலக்கம். யாரும் வேலை தரக்கூடாது, பால் வாங்கக்கூடாது, வயலில் கால் வைக்க விடக்கூடாது. பல ஊர்களில் அந்த அறிவிப்பு குருத்வாராவின் ஒலிபெருக்கியிலிருந்தே வந்திருக்கிறது. காலையில் ஜப்ஜி ஒலித்த அதே குழாயிலிருந்து.

பந்த் சிங் யார்?

மான்சா மாவட்டம் புர்ஜ் ஜப்பரைச் சேர்ந்த மஜ்பி சீக்கியத் தொழிலாளி, பாடகர். மகளுக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமைக்கு நீதி கேட்டு, சமாதானம் பேச வந்தவர்களை மறுத்து நீதிமன்றம் போனார். குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகவும் திரட்டினார். 2006 ஜனவரியில் வயல்வெளியில் மடக்கி அடித்துப்போட்டார்கள். இரண்டு கைகளும் ஒரு காலும் போயின. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே பாடினார். கையைத்தான் எடுத்தார்கள், நாக்கு இருக்கிறது என்றார்.

கலப்புத் திருமணம் நடக்கிறதா?

அரிது. 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய ஒழுக்க நெறி, சாதி பாராமல் திருமணம் செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள் மணமகள் தேவை பக்கத்தைப் பார்த்தால் ஜாட் சீக்கியர், கத்ரி சீக்கியர், ராம்கடியா சீக்கியர், ராம்தாசியா சீக்கியர் என்று தனித்தனிக் கட்டம்.

ரவிதாசியாக்கள் தனி மதம் ஆனது ஏன்?

ஜலந்தர் பக்கத் தோல் தொழிலாளர்கள் வணிகத்திலும் வெளிநாட்டு வேலையிலும் கொஞ்சம் தலை நிமிர்ந்தவர்கள். பணம் வந்ததும் பங்கு கேட்டார்கள். ஜலந்தருக்கு அருகே தல்ஹன் கிராமத்தில் காணிக்கை கொட்டும் ஒரு வழிபாட்டிடத்தின் நிர்வாகக் குழுவில் இடம் கேட்டதற்காக 2003 ஜனவரியில் தலித்துகளுக்கு ஊர் விலக்கம், ஜூனில் கலவரம். பிறகுதான் இடம் கிடைத்தது.

2009 மே 24 அன்று வியன்னாவில் ரவிதாஸ் கோவில் ஒன்றுக்குள் ஆயுதங்களோடு நுழைந்தவர்கள், சச்கண்ட் பல்லான் தேரா என்ற ரவிதாசியா மடத்தைச் சேர்ந்த சந்த் ராமானந்தைக் கொன்றார்கள். பஞ்சாப் பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 30 அன்று, ரவிதாஸ் பிறந்ததாக நம்பப்படும் வாராணசி சீர் கோவர்தன்பூரில், ரவிதாசியா தனி மதம் என்ற அறிவிப்பு வந்தது. தனி நூல், தனிச் சின்னம். எல்லோரும் போகவில்லை. ரவிதாஸின் பாடல் இருக்கும் கிரந்தத்தை எப்படி விட்டுப்போவது என்று தங்கியவர்கள் ஏராளம். அவர்கள் வலியும் சிறியதல்ல.

மஜ்பிகளுக்கு உள் ஒதுக்கீடு உண்டா?

உண்டு. பட்டியல் சாதிப் பணியிடங்களில் பாதியில் வால்மீகி, மஜ்பிகளுக்கு முன்னுரிமை என்று 1975இலேயே பஞ்சாப் அரசு ஆணையிட்டது. அது நீதிமன்றங்களில் நெடுங்காலம் இழுபட்டது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 6–1 என்ற கணக்கில், உள் வகைப்பாடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு தரும் தமிழ்நாட்டுக்கும் அது முக்கியமான தீர்ப்பு.

வெளிநாடு போனால் சாதி மறையுமா?

விமானத்தில் கூடவே ஏறிவிடுகிறது. பிரிட்டன் நகரங்களில் ரவிதாஸ் சபாக்கள் தனியே இருக்கின்றன. 2023இல் அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பிறகு கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதற்கு உழைத்தவர்களில் ரவிதாசியா பஞ்சாபியர் முக்கியமானவர்கள். மாநிலம் முழுமைக்குமான மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பிவிட்டார்.

இதையெல்லாம் பேசுவது சிறுபான்மை மதத்தைத் தாக்குவது ஆகாதா?

1984 சீக்கியப் படுகொலையைக் கண்ட ஒரு சமூகத்துக்கு அந்தப் பயம் இருப்பது நியாயம். ஆனால் இங்கே குற்றம் சாட்டுகிறவர்களே சீக்கியர்கள். அவர்கள் கையில் ஏந்தி வாதாடுவதும் அதே கிரந்தம். லங்கரைக் காட்டி 'பார், சாதி இல்லை' என்று வாயடைப்பவர், அந்தக் கிரந்தத்தைக் குருவின் பிள்ளைகளுக்கு எதிராகவே பயன்படுத்துகிறார்.

தமிழ்நாட்டோடு இதற்குத் தொடர்பு உண்டா?

வைக்கம் உண்டு. 1924இல் பெரியார் பங்கேற்ற அந்தத் தெருநுழைவுப் போராட்டத்துக்கு, பொற்கோவில் பிரசாதம் மறுக்கப்பட்டு நாலே ஆண்டில், பஞ்சாபிலிருந்து குருத்வாரா மீட்புப் போராட்டக்காரர்களான அகாலிகள் வந்து லங்கர் போட்டார்கள். வெளியார் உதவி வேண்டாம் என்று காந்தி சொன்னபின்தான் அது நின்றது.

இன்று தமிழ்ச் சீக்கியர்களும் இருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் பகுஜன் திராவிடக் கட்சியின் சார்பில் தலைப்பாகை கட்டிய தமிழர்கள் சிலர் போட்டியிட்டார்கள். மாறியவர்கள் அடிக்கடி கேட்பது சாதிச் சான்றிதழ் பற்றித்தான். மேலே சொன்ன 1956 திருத்தம் பஞ்சாபுக்கு மட்டுமானது இல்லை, நாடு முழுமைக்குமானது. பட்டியல் சாதியில் பிறந்து சீக்கியரானவருக்கு அந்தத் தகுதி தொடரும். தாசில்தார் அலுவலகத்தில் தயங்கினால், 1950ஆம் ஆண்டு ஆணையின் 3ஆம் பத்தியை எடுத்துக் காட்டுங்கள். இந்து, சீக்கியர், பௌத்தர் என்று மூன்றும் அதில் இருக்கும்.